கருஞ்சிட்டின் பிறப்பிடம்: ஒரு பாடத்திருத்தம்

ஓலைச்சுவடிகளிற் பிழைபட்ட பாடம் புகுதல்போல, இயற்கைநூற் பதிவுகளிலும் பிழை புகுதலுண்டு. தமிழ்நிலத்துச் சிறுபறவையாகிய கருஞ்சிட்டின் வரலாறு இதற்குத் தக்க சான்றாதலின், அதனை ஈண்டு ஆராய்வாம்.

கருஞ்சிட்டு, முட்புதரும் பாறையும் விரவிய வறள்நிலத்தில் வாழ்வது. தரையில் தத்திச் சென்று கறையான் முதலிய பூச்சிகளை உண்பது. வாலை நிமிர்த்தி நிற்கும் இயல்பினது. சேவல் கரியது, தோளில் வெண்டிட்டும் வாலடியிற் செந்நிறமும் உடையது. பெடை பழுப்பு நிறத்தது.

பிரெஞ்சு அறிஞர் பிரிசோன், கி. பி. 1760-இல் வெளியிட்ட பறவைநூலில் இதனை வருணித்தார். ஆயின், தமக்குக் கிடைத்த பறவையுடல் பிலிப்பைன்சுத் தீவுகளிலிருந்து வந்ததெனக் கருதி, அந்நாட்டுப் பெயரையே அதற்குச் சூட்டினார். லின்னேயசு 1766-இல் தம் நூலின் பன்னிரண்டாம் பதிப்பில், பிரிசோன் வருணித்த 240 பறவையினங்களைச் சேர்த்துக்கொண்டார். கருஞ்சிட்டும் அவற்றுள் ஒன்று. இவ்வாறு வழுவுள்ள பாடம் மூலநூலிலேயே இடம்பெற்றது.

பிலிப்பைன்சில் இப்பறவை வாழ்வதில்லை. இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாடுகளே இதன் தாயகம். வடநாட்டுச் சேவலின் முதுகு பழுப்பு. தென்னாட்டுச் சேவலின் முதுகு கருமை. இந்நிறவேறுபாடு பறவையின் ஊரை உணர்த்தவல்ல அகச்சான்றாகும். புதுச்சேரி அந்நாளிற் பிரெஞ்சு வணிகக் குழுவின் இந்தியத் தலைமையிடமாய் விளங்கியமை புறச்சான்றாகக் கொள்ளத்தக்கது. பிற்கால அறிஞர் மூல இடத்தைப் புதுச்சேரி எனத் திருத்தினர். அண்மைக்கால மரபணு ஆய்வுகளின் பயனாக, இப்பறவை குண்டுகரிச்சானின் பேரினத்தோடு சேர்க்கப்பட்டுள்ளது.

பதிவு திருந்தியது, நிலத்தின் நிலை யாது? புதுச்சேரி முதல் சென்னை வரையுள்ள கீழ்க்கரை நாட்டில், இப்பறவைக்குரிய புதர்நிலம் இன்று ஆங்காங்கே எஞ்சியுள்ளது. செம்பாக்கத்தை அடுத்த நன்மங்கலம் காப்புக்காடு அத்தகையது. ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராயிருந்த செம்பாக்கம், நகராட்சியாகி, 2021-இல் தாம்பரம் மாநகராட்சியில் இணைந்தது. காப்புக்காட்டிற்குப் புறம்பான புதர்நிலமோ வருவாய்த்துறை வழக்கிற் ‘தரிசு’ எனப்படும். பயனற்றது என்னும் பொருள் அச்சொல்லில் தங்கியிருத்தலின், அந்நிலம் மனையாதற்கு எவரும் தடை கூறுவதில்லை.

பறவையின் ஊரைப் பிலிப்பைன்சு என்றது ஒரு பிழை. அது வாழும் நிலத்தைத் தரிசு என்பது மற்றொரு பிழை. முன்னதை ஏட்டளவில் திருத்துதல் இயன்றது. பின்னதைத் திருத்துதற்குப் புதர்நிலம் எஞ்சியிருத்தல் வேண்டும். ஆதலின், ஊர்தோறும் அந்நிலங்களுக்கு மக்கள் வழங்கும் பெயர்களையும், ஆங்கு வாழும் உயிர்களின் பெயர்களையும் தொகுத்தல் தமிழாய்வாளர் விரைந்து மேற்கொள்ளற்பாலதாம்.