மார்புச் சுவர் நோய்கள்

ரெண்டு வருஷம் முன்னாடி பெரியம்மாவுக்குத் துணையா ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்திருந்தேன். கீமோ ஏத்தி முடிக்க நாலு மணி நேரம் ஆகும்னு சொல்லிட்டாங்க. பக்கத்து நாற்காலியில வந்து உட்கார்ந்த ஒரு அம்மா, "சாப்ட்டீங்களா தம்பி?"ன்னு கேட்டாங்க. அப்புறம் ரொம்ப சாதாரணமா, "எனக்கும் மார்புல கேன்சர்தான். பதினோரு வருஷம் ஆச்சு"ன்னாங்க.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. ஏன்னா எங்க வீட்ல அந்த வார்த்தையை யாருமே சொன்னதில்லை. அக்கம்பக்கத்துல "கட்டி"ன்னு மட்டும்தான் சொல்லி வெச்சிருந்தோம்.

அந்த அம்மாவுக்கு அங்கே சம்பளம் கிடையாது. வாரத்துல ரெண்டு நாள் வந்து பேசிட்டுப் போறாங்க, அவ்வளவுதான். இந்த வழக்கம் எங்கேருந்து வந்திருக்கும்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அதோட வேர்கள்ல ஒண்ணு 1952-ல, நியூயார்க்குல இருக்கு.

அந்த வருஷம் டெரீஸ் லாஸர்ங்கிற பெண்மணிக்கு அங்கேயிருக்கிற மெமோரியல் ஆஸ்பத்திரியில மார்பக அறுவை சிகிச்சை நடந்தது. அப்போ செய்த ஆபரேஷன் வில்லியம் ஹால்ஸ்டெட்ங்கிற டாக்டர் 19-ம் நூற்றாண்டு கடைசியில வகுத்த முறை. மார்பகத்தோட, அதுக்குக் கீழே இருக்கிற தசைகள், அக்குள்ல இருக்கிற நிணநீர்க் கணுக்கள் எல்லாத்தையும் சேர்த்து எடுத்துடுவாங்க. கை வீங்கும், தூக்க வராது. தலை வாரிக்கக்கூடக் கஷ்டம். கட்டி எப்படிப்பட்டதுன்னு பார்க்கறதும், மார்பை எடுக்கறதும் ஒரே மயக்கத்துல நடக்கிறது அன்னிக்கு சகஜம். கண் முழிச்சாத்தான் இருக்கா, போச்சான்னே தெரியும்!

கையை எப்படி அசைக்கணும், என்ன உடுத்திக்கணும், புருஷன்கிட்ட என்ன பேசணும்... இதுக்கெல்லாம் டெரீஸுக்குச் சரியான பதில் சொல்ல ஆளில்லை. தானே பயிற்சி செஞ்சு கையை மீட்டெடுத்தார். அப்புறம் அதே ஆபரேஷன் ஆன மத்த பெண்களைப் போய்ப் பார்க்க ஆரம்பிச்சார். அனுமதியெல்லாம் கேட்கலை! பிடிபட்டப்போ வெளியே அனுப்பியிருக்காங்க. திரும்பப் போயிருக்கார்.

கையில கொண்டு போனது பெரிசா ஒண்ணுமில்லை. பிடிச்சுப் பிடிச்சு விட ஒரு ரப்பர் பந்து, கையை இழுத்துப் பழக ஒரு கயிறு, உடைக்குள்ள வெச்சுக்க ஒரு பஞ்சு அட்டை. அதைவிடப் பெரிசு, அவரே நேரா வந்து நின்னதுதான். இதே ஆபரேஷன் ஆனவ கையைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டறான்னா, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

அந்தக் காலத்து மௌனத்தையும் சொல்லணும். 1950-களின் தொடக்கத்துல ஃபேனி ரோஸனோங்கிற இன்னொரு பெண்மணி, இப்படிப்பட்ட பெண்களுக்கான ஒரு கூட்டத்துக்கு நியூயார்க் டைம்ஸ்ல விளம்பரம் கொடுக்கப் போனார். 'மார்பு'ங்கிற வார்த்தையும் கூடாது, 'புற்றுநோய்'ங்கிற வார்த்தையும் கூடாதுன்னுட்டாங்க. வேணும்னா 'மார்புச் சுவர் நோய்கள்'னு போட்டுக்கலாமாம்! டாக்டர்களும் அப்படித்தான். 1961-ல சிகாகோ ஆஸ்பத்திரி ஒண்ணுல 219 டாக்டர்கள்கிட்ட கேட்டப்போ, புற்றுநோய்னு நோயாளிகிட்ட சொல்லாம இருக்கிறதே நல்லதுன்னு நினைச்சவங்க சுமார் 90 சதவீதம்.

டெரீஸ் ஆரம்பிச்சது 'ரீச் டு ரெக்கவரி'ங்கிற அமைப்பாச்சு. 1969-ல அமெரிக்கன் கேன்சர் சொசைட்டி அதைத் தன்னோட சேர்த்துக்கிட்டது. 1974-ல ஃப்ரான்சீன் திமொத்தி அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்.

ஆனா ஆஸ்பத்திரிக் கதவு திறந்ததுக்கு ஒரு விலை இருந்தது. டாக்டர் அனுமதி இல்லாம போகக் கூடாது. சிகிச்சை சரியா தப்பான்னு பேசக் கூடாது. நேர்த்தியா உடுத்திட்டு, 'பாருங்க, எதுவுமே நடக்காத மாதிரி இருக்கேன்'னு நிக்கணும்.

இதைத்தான் கவிஞர் ஆட்ரி லார்ட் கேள்வி கேட்டார். 1978-ல அவருக்கு ஆபரேஷன் ஆனப்போ ஒரு தொண்டர் வந்து, அன்பாப் பேசி, வெளிர் ரோஸ் நிறத்துல ஒரு பஞ்சு மார்பைக் கொடுத்தார். லார்ட் கறுப்பினப் பெண். அந்த நிறமே அவரோடது இல்லை. அதை வெச்சுக்காம டாக்டரைப் பார்க்கப் போனப்போ, இப்படி வந்தா மத்தவங்க மனசு சோர்ந்துடும்கிற மாதிரி நர்ஸ் சொல்லியிருக்கார். போர்ல கண்ணை இழந்த மோஷே தயான் கறுப்புப் பட்டையோட உலகத்தைச் சுத்தி வர்றாரே, அவரைக் கண்ணாடிக் கண் வெச்சுக்கோன்னு யாராவது சொல்றாங்களான்னு திருப்பிக் கேட்டு 1980-ல புத்தகமாவே எழுதினார். மறைச்சு வெச்சா, நம்மள மாதிரி இன்னும் எத்தனை பேர் இருக்காங்கன்னு நமக்கே தெரியாமப் போயிடும்ங்கிறது அவர் வாதம்.

என்னால ரெண்டு பேர்ல யாரையும் விட்டுக்கொடுக்க முடியலை. டெரீஸ் விதிகளுக்குப் பணியாம இருந்திருந்தா அத்தனை கட்டிலுக்கும் ஆள் போயிருக்க முடியாது. லார்ட் கேட்காம இருந்திருந்தா, போன ஆள் உண்மை பேசியிருக்க முடியாது.

வராந்தாவுல அந்த அம்மாகிட்ட நானும் மருந்தைப் பத்தி ஒரு கேள்வி கேட்டேன். "அதை டாக்டர்கிட்ட கேளுங்க தம்பி"ன்னுட்டாங்க. பழைய விதிகள்ல இது ஒண்ணு இருக்கட்டும், நல்லதுதான். ஆனா உள்ளே போய் பெரியம்மாகிட்ட முதல்ல அவங்க சொன்னது அந்த வார்த்தையைத்தான்.

அன்னிக்கு ராத்திரி பெரியம்மா அவங்க தங்கச்சிக்கு போன் போட்டாங்க. "கட்டியெல்லாம் இல்லடி, கேன்சர். நீயும் ஒரு தடவை போய்க் காட்டிக்கோ"ன்னாங்க.