பதிவு வேற, பாத்தியதை வேற

அறுப்பு முடிஞ்சு கொஞ்சம் ஓய்வு கிடைச்சுது. மீஞ்சூர்ல ரயிலேறி, திருவொற்றியூர்ல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய் வந்தேன். பேச்சுவாக்கில் பீரோவைத் திறந்து ஒரு பழைய கிரையப் பத்திரத்தை எடுத்தாங்க. 1994-ல் மாமா வாங்கின மனை. முத்திரைத்தாள், கையெழுத்து, சீல் எல்லாம் சரியா இருக்கு. வில்லங்கச் சான்றிலும் குறை இல்லை. ஆனா மனை அவங்க கையில் இல்லை.

விற்றவர் பவர் ஏஜென்ட். பவர் எழுதிக் கொடுத்தவர் அந்த விற்பனைக்கு எட்டு மாசம் முன்னாடியே இறந்துட்டார். கொடுத்தவர் போனா பவரும் போச்சு. சாவு வில்லங்கச் சான்றில் வராது. வாரிசுகள் கேஸ் போட்டு ஜெயிச்சுட்டாங்க.

"கவர்மெண்டே பதிஞ்சு கொடுத்ததாச்சே தம்பி, அப்புறம் எப்படிச் செல்லாது?" அக்கா இன்னமும் இதைத்தான் கேட்கிறாங்க. இதுக்குப் பதில் ரொம்பப் பழைய காலத்தில் இருக்கு.

அக்கா வீட்டுப் பக்கத்துலயே தியாகராசர் கோயில். அங்கே பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைய. மணலி ஊர்கூட சிங்கவிஷ்ணு சதுர்வேதிமங்கலம்னு அதில் வருது. அந்தக் காலத்து நில ஆவணங்களில் நாலு பக்க எல்லையும் சொல்லியிருக்கும், சாட்சிகள் பேர் இருக்கும், விற்பனையில் ஊர்ச்சபைக்கும் பங்கு இருக்கும். அப்பவும் ஏமாத்து இருந்திருக்கும். ஆனா ஊருக்குத் தெரியாம நிலம் கைமாறுறது கஷ்டம்.

1708-ல் திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் அஞ்சு ஊரும் கும்பெனி கைக்குப் போச்சு. பத்திரம் பதிய சென்னை மாகாணத்தில் 1802-லயே ஒரு ஒழுங்குமுறை வந்தது. அப்புறம் 1864-ல் பதிவுச் சட்டம். இப்ப நடப்பில் இருக்கிறது 1908-ம் வருஷச் சட்டம்.

ஒரே நிலத்தை ரகசியமா ரெண்டு பேருக்கு விற்கிறதைத் தடுக்கத்தான் இந்தப் பதிவு. யார், யாருக்கு, எந்தத் தேதியில் எழுதிக் கொடுத்தார்னு புத்தகத்தில் ஏறும். எழுதிக் கொடுத்தவர் இவர்தானா, ஒத்துக்கிறாரான்னு சார்பதிவாளர் பார்ப்பார். நிலம் உண்மையிலேயே அவருதான்னு அந்த சீல் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது கோர்ட்டு.

இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தாங்க. ஆள்மாறாட்டத்தைத் தடுக்க 2001-ல் போட்டோவும் கைரேகையும் கட்டாயம்னு திருத்தம் வந்தது. போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம்னு 2022-ல் தமிழ்நாடு அரசு சட்டம் போட்டது. அந்த அதிகாரம் செல்லாதுன்னு 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு. மூலப்பத்திரம் காட்டினாத்தான் பதியணும்கிற 55-ஏ விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செஞ்சது. எழுதிக் கொடுக்கிறவருக்கு உரிமை இருக்கான்னு பார்க்கிறது பதிவு அதிகாரி வேலை இல்லைன்னு அந்தத் தீர்ப்பு சொல்லுது. சட்டம் இன்னும் மாறலாம். ஆனா பதிவு வேற, பாத்தியதை வேறங்கிறது அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான்.

திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி எல்லாம் 2011-ல் சென்னை மாநகராட்சியோட சேர்ந்தாச்சு. இப்ப எங்க ஊர் வரப்பு ஓரத்திலும் ஞாயித்துக்கிழமையானா கார் நிக்குது. வாங்க வர்ற உங்களுக்கு ஒரு விவசாயியா நாலு வார்த்தை சொல்றேன்.

முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பாருங்க. தாய்ப் பத்திரத்தில் ஆரம்பிச்சு கண்ணி விடாம வருதான்னு வக்கீல்கிட்ட காட்டுங்க. பட்டாவையும் புலப்படத்தையும் வச்சுக்கிட்டு இடத்தை அளந்து பாருங்க. பவர்ல விற்கிறாங்கன்னா, பவர் கொடுத்தவரை நேரில் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. கடைசியா, புரோக்கர் இல்லாம ஒரு நாள் தனியா போய், நாலு பக்க எல்லைக்காரங்களையும் விசாரிங்க.

மாமா வாங்கின மனைக்கு அடுத்த மனையில் ஒரு பெரியவர் மாடு வச்சிருந்தார். கேஸ் நடக்கிறப்பதான் மாமா அவர்கிட்ட பேசினார். பெரியவர் சொன்னாராம்:

"அவர் காரியத்துக்கு நானே போயிருந்தேனே. என்னை யாரும் கேட்கலையே."