எருவங்குழி முதல் கரியுரம் வரை: மைசூர்ப் பகுதியின் மண்வள வரலாறு குறித்துச் சில கருத்துகள்

வறட்சி, உவர், அமிலத்தன்மை ஆகியவற்றால் நலியும் பயிரைத் தாங்கச் செய்வதற்கு மண்ணில் சேர்க்கப்படும் பொருள்களுள் கரியுரம் இன்று பெரிதும் பேசப்படுகிறது. மரத்துண்டு, உமி, தேங்காய் ஓடு, கரும்புச் சோகை போன்றவற்றைக் காற்று மிகக் குறைவாகப் புகும் கலத்தில் ஏறத்தாழ 350 முதல் 700 பாகை செல்சியசு வரை சூடேற்றி எடுக்கப்படும் கரியே கரியுரம் எனப்படுகிறது. இதன் தொன்மை பற்றிப் பேசுவோர் தென்னமெரிக்காவின் அமேசான் காட்டில் பழங்குடிமக்கள் விட்டுச்சென்ற கருமண்ணைச் சான்று காட்டுவர். டச்சு மண்ணியலாளர் விம் சோம்புரூக் 1966இல் அமேசான் மண் பற்றி எழுதிய நூலின் வழியே அக்கருமண் அறிவுலகின் கவனத்தைப் பெற்றது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் யோகானசு லேமன் போன்றோர் அதனைத் தனித் துறையாகவே வளர்த்தனர். இச்செய்தி தமிழகத்துக்கு வந்து சேர்ந்ததும், 'இது நம் முன்னோர் அறிந்ததே' என்னும் குரல் எழுந்தது. அக்குரலில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை இலக்கண இலக்கியச் சான்றுகளையும் மைசூர்ப் பகுதி பற்றிய பதிவுகளையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ்நாட்டை விட்டு மைசூரைத் தேர்ந்ததற்குக் காரணம், தென்னிந்திய வறள்நில வேளாண்மையின் எருமுறைகளைப் பற்றிய விரிவான பழைய பதிவு அப்பகுதிக்கே வாய்த்துள்ளமையாகும்.

சொல் தரும் சான்று

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் உயிர்மயங்கியல், எரு என்னும் சொல்லின் புணர்ச்சிக்கெனத் தனி விதி கூறுகிறது. ஒரு சொல்லுக்குத் தனி விதி வேண்டியிருந்தது என்பதே அது வழக்கில் மிகுந்து பயின்றதைக் காட்டும். உரையாசிரியர்கள் அவ்விதிக்குக் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் 'எருவங்குழி' என்பது நம் நோக்குக்கு முதன்மையானது. எருவைக் குவியலாக இடுவதும் உண்டு, குழியில் இடுவதும் உண்டு. உரைகாரர் நாவில் இயல்பாக வந்தது குழி. இலக்கண உரையின் எடுத்துக்காட்டுகள் அவ்வக் காலத்து வாழ்வியல் ஆவணங்களாகவும் பயன்படும் என்பதற்கு இது நல்ல சான்று. மாடு கட்டும் இடத்தின் பொடியெருவைச் சங்கப் பாடல்கள் 'தாதெரு' என்கின்றன.

திருக்குறளின் உழவு அதிகாரத்தில் எரு இருமுறை வருகிறது. ஒன்றில், உழுத புழுதி நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும்படி காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமல் பயிர் விளையும் என்கிறார் வள்ளுவர். அடுத்த குறளில், ஏர் உழுதலினும் எருவிடுதல் நன்று என்கிறார். முரண்போல் தோன்றும் இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், எருவை அவர் தனிப்பொருளாகக் கருதாமல் உழவு, களை, நீர், காவல் ஆகியவற்றோடு இணைந்த ஒன்றாகவே கண்டார் என்பது புலனாகும். பள்ளு இலக்கியங்களில் ஆயனை வரவழைத்து வயலில் ஆட்டுக்கிடை அமர்த்தும் பகுதி ஓர் உறுப்பாகவே அமைந்துவிட்டதும் இவ்வகையில் நினைக்கத்தக்கது.

இச்சான்றுகள் எல்லாம் சாணம், தழை, கிடை பற்றியன. கரி எங்கே? மலைச்சாரலில் மரங்களை வெட்டிச் சுட்டெரித்துத் தினை விதைத்த புனத்தைக் குறிஞ்சித்திணைப் பாடல்கள் விரிவாகக் காட்டுகின்றன. சிலர் இதனையே கரியுரத்தின் தமிழ் மூலம் என்பர். அக்கருத்தை ஏற்பதற்கில்லை. திறந்தவெளியில் காற்றோட்டத்துடன் எரியும் நெருப்பு பெரும்பாலும் சாம்பலையே தரும். கரி சிறிதளவே எஞ்சும். சாம்பலும் கரியும் மண்ணில் செய்யும் வேலை வேறு. சாம்பலில் உள்ள சாம்பர உப்பும் சுண்ணமும் நீரில் விரைவில் கரைந்து முதல் ஓரிரு பருவங்களில் பயன்தந்து தீரும். கரியோ நுண்துளைகள் நிறைந்தது. நீரையும் ஊட்டங்களையும் தன்னிடத்தே பற்றி வைத்துப் பல நூறு ஆண்டுகள்கூட மண்ணில் நிலைப்பது. ஓரிரு விளைச்சலுக்குப்பின் புனத்தை விட்டு வேறிடம் பெயர வேண்டியிருந்ததே, அங்கு நிகழ்ந்தது சாம்பலின் வேலை என்பதற்குச் சான்றாகும்.

புக்கானன் கண்ட குழி

1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், வெல்லெசுலியின் ஆணைப்படி மருத்துவர் பிரான்சிசு புக்கானன் 1800 ஏப்பிரலில் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடக் கரை, மலையாளம் ஆகிய நாடுகளைச் சுற்றினார். அப்பயண நூல் 1807இல் இலண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. வென்றவர்களுக்கு வரி வாய்ப்பைக் கணக்கிட்டுக் கொடுப்பதே அவர் பணி. ஆகவே அவர் கண்ணில் பட்டவை, படாதவை இரண்டையும் அந்நோக்கத்தோடு சேர்த்தே எடைபோட வேண்டும். ஆயினும் உழவர்களிடம் நேரில் கேட்டு எழுதிய அப்பொறுமை வியப்புக்குரியது.

பெங்களூர்ப் பகுதியில் ஒவ்வோர் உழவரும் குழி தோண்டி அதில் மாட்டுத்தொழுவத்துச் சாணத்தையும் கூளத்தையும், வீட்டுச் சாம்பலோடும் கழிவோடும் சேர்த்து இட்டுவந்ததை அவர் எழுதியுள்ளார். நகருக்கு அண்மையில் இருந்தோர் நகரின் சாம்பலையும் கழிவையும் எருதுகளின் மேல் ஏற்றிக் கொணர்ந்தனர். உரையாசிரியர் சொன்ன எருவங்குழியும் இக்குழியும் ஒன்றே என நிறுவ இயலாது. இடையே நீண்ட காலமும் மொழி வேற்றுமையும் உண்டு. ஆனால் முறை ஒன்றே.

இக்குழியில் சேர்ந்த அடுப்புச் சாம்பலை ஊன்றிக் கவனிக்க வேண்டும். விறகு அடுப்பின் சாம்பல் தூய சாம்பல் அன்று. அணைந்த கொள்ளியின் கரித்துண்டுகள் அதில் கலந்தே இருக்கும். அக்கரி சாணத்தோடும் சிறுநீரோடும் குழியில் மாதக்கணக்கில் ஊறியபின் வயலுக்குச் சென்றது. கரியை அப்படியே வயலில் இட்டால் தொடக்கத்தில் அது மண்ணின் தழைச்சத்தைத் தன்பால் ஈர்த்துக்கொண்டு பயிரை வாட்டுவதும் உண்டு. எருவோடு ஊறவைத்து இட வேண்டும் என்பது இன்றைய ஆய்வாளர் அறிவுரை. மைசூர்ப் பகுதியின் கேழ்வரகு உழவர்கள் நோக்கம் இன்றியே அதனைச் செய்துவந்தனர் எனலாம். 'நோக்கம் இன்றி' என்பதை வலியுறுத்த வேண்டியுள்ளது. அவர்கள் கரியைத் தனியே உண்டாக்கவில்லை. அடுப்பு தந்ததை வீணாக்கவில்லை, அவ்வளவே.

கரியைத் திட்டமிட்டு மண்ணோடு சேர்த்த முறை ஒன்று மலைத்தொடரின் மறுபுறத்தில், கடலோரக் கருநாடகத்தில் உண்டு. சருகையும் சுள்ளியையும் குவித்து மேலே மண்ணை மூடிப் புகையவிட்டு எடுக்கும் அதனைக் கன்னடத்தில் 'சுடுமண்ணு' என்பர். காய்கறிப் பாத்திக்கும் பூச்செடிக்கும் அது உரமாகிறது. மண் மூடுவதால் காற்றுக் குறைகிறது, கரி எஞ்சுகிறது. கரியுரத்துக்கு இத்தென்னாட்டில் மிக நெருங்கிய மரபு இதுவே என்பது என் கருத்து. சுடுமண் என்னும் அதே சொல் தமிழில் செங்கல்லையும் பாவையையும் நினைவூட்ட, அங்கே உரத்தை நினைவூட்டுகிறது. இனமொழிகளில் ஒரே சொல் பெறும் இவ்வேறுபாட்டை ஒப்பியல் அகராதி ஆய்வாளர் கவனிக்கலாம். அதே வேளையில் சொல் ஒப்புமை எல்லை மீறவும் கூடும். அகநானூற்றின் எருமையூரனை மைசூரோடு இணைப்போர் உளர். அந்த 'எருமை'க்கும் 'எரு'வுக்கும் முடிச்சுப்போடும் முயற்சி ஒன்றைக் கேட்க நேர்ந்தது. அதற்கு மறுமொழி தேவையில்லை.

பஞ்சமும் வேதியியலும்

1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் மைசூர் நாடு தன் ஐம்பது இலட்சம் மக்களுள் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேரை இழந்தது. வறட்சியைத் தாங்கும் கேழ்வரகையே உண்டு வாழ்ந்த நாட்டில் இது நிகழ்ந்தது. எனவே, பழைய எருமுறை வறட்சியை வென்றது என்று யாரும் எழுதிவிட முடியாது. மேட்டுநிலச் செம்மண் மணற்பாங்கானது, மக்கு குறைந்தது, நீரை நெடுநாள் தேக்காதது. எருவிட்ட மண் சில நாள் கூடுதலாக ஈரம் காக்கும். மழையே பொய்த்த ஆண்டில் அதனால் பயனில்லை. இன்று கரியுரத்தைப் புகழ்வோரும் இவ்வரம்பை நினைவில் கொள்வது நலம்.

பஞ்சத்துக்குப்பின் அரசின் பார்வை வேளாண் வேதியியல் பக்கம் திரும்பியது. 1893இல் வெளிவந்த வோல்கரின் அறிக்கை, சாணத்தை எரிபொருளாக்குவதால் மண் இழக்கும் வளத்தை எடுத்துக்காட்டி, விறகுக்காடுகளை வளர்க்குமாறு கூறியது. மைசூர் அரசு 1900ஐ ஒட்டி அடால்பு லேமன் என்பவரை வேளாண் வேதியியலாளராக அமர்த்தியது. இன்றைய கரியுர அறிஞரும் லேமன் என்னும் பெயரினரே என்பது வெறும் பெயர்ப் பொருத்தமே. 1908இல் கனடாவிலிருந்து வந்த லெசுலி கோல்மன், பின்னர் வேளாண் துறையின் இயக்குநராகி 1934 வரை பணியாற்றினார்.

இக்காலத்து முயற்சிகளுள் நம் பொருளுக்கு மிக நெருங்கியது 1939இல் பெங்களூர் இந்திய அறிவியற்கழகத்தில் சி. என். ஆச்சார்யா உருவாக்கிய மட்கு முறையாகும். நகரக் குப்பையையும் மலக்கழிவையும் குழியில் அடுக்கடுக்காக இட்டு மண்ணால் மூடிப் பல மாதம் மட்கவிடும் அம்முறை 'பெங்களூர் முறை' என்று பெயர்பெற்றது. புக்கானன் கண்ட குழியே அறிவியல் மேற்பார்வையில் மீண்டும் தோண்டப்பட்டது எனலாம். ஆனால் உரத்தின் வரலாறு அவ்வழியே செல்லவில்லை. 1906இல் இராணிப்பேட்டையில் தொடங்கிய மணிச்சத்து உரத்தொழிலைத் தொடர்ந்து, மைசூரை அடுத்த பெலகொளாவில் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் அம்மோனியம் சல்பேட்டு ஆலை இயங்கியது. இந்தியாவின் முதல் செயற்கை அம்மோனியா ஆலைகளுள் அது ஒன்று. விடுதலைக்குப்பின் குழி பின்தள்ளப்பட்டு மூட்டை முன்வந்தது.

களரும் உவரும்

1911இல் தொடங்கி 1930களின் தொடக்கத்தில் முடிந்த கிருட்டிணராசசாகர் அணை மண்டியாவின் மேட்டுநிலத்தை வயலாக்கியது. நீர் தேங்கிய தாழ்நிலங்களில் அது உவரையும் உண்டாக்கியது. புறநானூற்றின் 311ஆம் பாடல் களர்நிலத்துக் கிணற்று நீரில் ஆடை வெளுப்பதைக் கூறுகிறது. வள்ளுவர் கல்லாதவரை விளையாக் களருக்கு ஒப்பிடுகிறார். நிலக்கொடைக் கல்வெட்டுகளின் நில அடுக்கில் காட்டோடு களரும் இடம்பெறுவதுண்டு. களரை அறிந்திருந்தனர், பயன்கொண்டனர், விளையாதது என ஒதுக்கினர். அதனைத் திருத்தும் முறை இச்சான்றுகளில் இல்லை. களர் திருத்த இன்று இடப்படும் சிப்சம், சோடியத்தை விலக்கிச் சுண்ணத்தை அவ்விடத்தில் அமர்த்துகிறது. அது தற்கால அறிவியலின் கொடை. அதனையும் முன்னோர் தலையில் ஏற்றுவது அவர்களுக்குச் செய்யும் சிறப்பன்று.

கரியுரமும் எல்லா மண்ணுக்கும் ஒன்றுபோல் உதவாது. அது பெரும்பாலும் காரத்தன்மை உடையதாதலின் அமிலச் செம்மண்ணில் நற்பயன் தரும். முன்பே காரம் மிக்க மண்ணில் அந்நன்மை கிட்டாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சீமைக்கருவேல மரத்திலிருந்து கரியுரம் செய்து ஆய்ந்துள்ளனர். ஒரு எக்டேருக்குப் பல டன் என்னும் அளவே சிறு உழவருக்குத் தடையாக நிற்கிறது.

இனிச் செய்யவேண்டியது கல்வெட்டுகளில் உள்ளது. தலைக்காட்டிலும் கோலார்ப் பகுதியிலும் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் பல உள்ளன. பி. எல். ரைசு தொகுத்த 'எபிகிராபியா கர்னாட்டிகா' வரிசையில் அவை அச்சேறின. ஏரியில் குழிகுத்தி மண் எடுத்துக் கரையில் இடுவதற்கான அறக்கொடைகளைத் தமிழகக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அவ்வண்டல் கரைக்கு மட்டுமே சென்றதா, வயலுக்கும் சென்றதா என்பது இன்னும் தேடிப் பார்க்கப்படவில்லை. 1966இல் உதகையிலிருந்து மைசூருக்குச் சென்ற நடுவண் கல்வெட்டுப் பிரிவில் தமிழ்க் கல்வெட்டு மைப்படிகள் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தன. 2021 ஆகத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றைச் சென்னைக்கு மாற்ற ஆணையிட்டது. ஆயிரக்கணக்கான படிகள் வந்தும் சேர்ந்தன. அவற்றில் எரு, குப்பை, வண்டல், களர், சாம்பல் ஆகிய ஐந்து சொற்களை மட்டும் இடமும் ஆண்டும் குறித்துத் தொகுத்தாலே ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குப் போதிய பொருள் கிடைக்கும்.