தையற்காரப் பெண் வைத்திருந்த சரித்திரம்

1895ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் அல்ட்ரெட் வார்தின் என்ற நோயியல் வைத்தியர் இருந்தார். அவருக்குத் துணி தைத்துக் கொடுக்கும் பெண் ஒருநாள் முகம் வாடியிருந்தார். என்னவென்று கேட்டால், தானும் இளவயதிலேயே மௌத்தாகிவிடுவேன் என்றார். குடலிலும் கருப்பையிலும் வருகிற புற்றுநோய்தான் தன் குடும்பத்தாரைக் கொண்டுபோகிறதென்று சொன்னார்.

வார்தின் அதை வீண் பயமென்று தள்ளிவிடவில்லை. அக்குடும்பத்தில் யார், எந்த வயதில், எந்த நோயில் இறந்தார் என்று ஒவ்வொன்றாக விசாரித்து எழுதினார். 1913இல் அதை வெளியிட்டார். அந்தப் பெண்ணும் கருப்பைப் புற்றுநோயிலேயே மௌத்தானார்.

1914இல் ஜெர்மனியில் தியோடர் பொவேரி, நிறமூர்த்தங்கள் குழம்புவதே புற்றுநோயின் தொடக்கம் என்று எழுதினார். ஆயினும் அது பரம்பரையாக வருமென்பதைப் பலர் ஏற்கவில்லை. 1966இல் ஹென்றி லிஞ்ச் இவ்வாறான இரண்டு குடும்பங்களைப் பற்றி எழுதியபோதும் சூழல்தான் காரணமென்றார்கள். 1993இல்தான் எம்.எஸ்.எச்.2 என்ற பரம்பரையலகு பிடிபட்டது. வார்தின் எழுதிவைத்த அதே குடும்பத்திலும் அந்த அலகில்தான் பழுது என்று பிறகு தெரிந்தது.

கலம் பிரியும்போது பரம்பரை எழுத்துக்கள் பிரதியாகின்றன. பிரதியில் விழும் பிழையைத் திருத்துவது இந்த அலகின் வேலை. அது பழுதானால் பிழைகள் குவியும். பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்களில் நிறமூர்த்தங்களே உடைந்தும் கூடிக்குறைந்தும் போகின்றன. லிஞ்ச் குடும்பங்களின் கட்டிகளில் நிறமூர்த்தங்கள் பெரும்பாலும் முழுசாக இருக்கும், உள்ளே எழுத்துக்கள் கெட்டிருக்கும். தாயிடமோ தகப்பனிடமோ இப்பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சேர வாய்ப்பு பாதிக்குப் பாதி.

ஆனால் அறிந்தவர்களுக்கு வழியுண்டு. இருபதுகளிலிருந்தே ஓரிரு வருடத்துக்கு ஒருதரம் கமரா விட்டுக் குடலைப் பார்த்தால், சதை வளர்ச்சியைப் புற்றாகுமுன் எடுத்துவிடலாம்.

இந்த அறிவுக்கெல்லாம் முதல் ஆவணம் ஒரு தையற்காரப் பெண்ணின் ஞாபகம். நம்மட உம்மும்மாமாரிடமும் அந்த ஞாபகம் இருக்கிறது. நாமோ கலியாணப் பேச்சு குழம்பிவிடுமென்று "வயிற்று வருத்தம்" என்று சொல்லி மூடுகிறோம், நஸீபென்று விடுகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தானே தவக்குல் வைக்க வேண்டும்? யார், எந்த வயதில், என்ன நோயில் மௌத்தானார் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வைத்தியரிடம் போகையில் அதையும் கொண்டு போங்கள்.