விளிம்பற்ற புகை: சால்ட் லேக்கின் குளிர்கால வானும் செயற்கைக்கோளின் சாட்சியமும்

கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில், 1960-களில் உவர்ச் சதுப்பை ஹூக்ளி ஆற்று வண்டலால் நிரப்பி எழுப்பப்பட்ட நகரம் சால்ட் லேக். விதான்நகர் என்பது அதன் அலுவல்முறைப் பெயர். மேற்கு வங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமையகமும், போஸ் ஆய்வு நிறுவனத்தின் வளாகமும், தொடர்ந்து இயங்கும் காற்றுத்தர நிலையமும் இங்கேயே இருப்பதால், விண்ணிலிருந்து எடுத்த படத்தையும் மண்ணில் அளந்த எண்ணையும் ஒப்பிடுவதற்கு இது தக்க இடமாகிறது. அவ்வாறு ஒப்பிடுகையில், தெளிவான விளிம்புடன் நகரும் புகையையும் தூசியையும் காட்டுவதில் செயற்கைக்கோள் வல்லது என்பதும், இந்நகரின் குளிர்காலப் புகையோ பெரும்பாலும் விளிம்பற்றது என்பதும் புலப்படும்.

செயற்கைக்கோளின் வலிமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எரியும் நெருப்பு 4 மைக்ரான் அலைநீள அகச்சிவப்புக் கதிரைச் சுற்றுப்புறத்தைவிடப் பன்மடங்கு மிகுதியாக உமிழ்வதால், 'மோடிஸ்' கருவி 1 கி.மீ. அளவிலும் 'விர்ஸ்' கருவி 375 மீட்டர் அளவிலும் தீப்புள்ளிகளைக் குறிக்கின்றன. 200 கி.மீ.க்கும் அப்பால், ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் 2021 தொடக்கத்தில் பரவிய தீ இவ்வாறே நாள்தோறும் பதிவாயிற்று. தூசியை அறியும் வழி வேறு: பாலைத் தூசியிலுள்ள சிலிக்கேட் கனிமங்கள் 12 மைக்ரானைவிட 11 மைக்ரான் கதிரை மிகுதியாக விழுங்குகின்றன என்பதால், அவ்விரு அலைகளில் அளந்த வெப்பநிலைகளின் வேறுபாடே தூசியை மேகத்திலிருந்து பிரித்துவிடுகிறது. தார் பாலையிலிருந்து கோடையில் கங்கைச் சமவெளிக்குள் புகும் தூசியை இவ்வழியில் பின்தொடரலாம்.

சிக்கல் உயரத்தில் தொடங்குகிறது. தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சிவரை உள்ள துகள்கள் அனைத்தும் சேர்ந்து ஒளியை எவ்வளவு மறிக்கின்றன என்பதே 'ஒளித்தடிமன்' எனப்படும் அளவு. மனிதர் சுவாசிப்பதோ அடியிலுள்ள இரண்டு மீட்டர்க் காற்றை. இரண்டு மூன்று கி.மீ. உயரத்தில் கடந்துபோகும் தூசி, படத்தில் அடர்ந்து தெரிந்தும் விதான்நகர் அளவியை அசைக்காமல் போகலாம். டிசம்பர் இரவில், தரை குளிர்ந்து மேலே வெதுவெதுப்பான காற்று மூடியாக அமையும் 'வெப்பத் தலைகீழ்' நிலையில், சிறிதளவு புகையும் சில நூறு மீட்டருக்குள் அடைபட்டு, 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளின் செறிவை, இந்தியத் தரநிலையின் 24 மணிநேர வரம்பான கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேல் உயர்த்திவிடும். அந்த இரவில், எதிரொளித்த சூரிய ஒளியை நம்பும் கருவிகளால் ஒளித்தடிமனை அளக்கவே இயலாது. வங்காளத்தின் ஈரப்பதம் வேறொரு குழப்பத்தைச் சேர்க்கிறது: நீரை ஈர்த்துப் பருத்த துகள், உலர்நிறை கூடாமலே ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கிறது.

நேரமும் இதில் ஒரு தரப்பாகும். தீப்புள்ளி எண்ணிக்கை பெரிதும் சார்ந்திருக்கும் துருவச் சுற்றுச் செயற்கைக்கோள்கள் பிற்பகல் ஒன்றரை மணியளவில் கடக்கின்றன. ஆமன் நெல் அறுவடை முடிந்து உருளைக்கிழங்கு நடவுக்கு முன், பூர்வ பர்தமான், ஹூக்ளி மாவட்டங்களின் சிறு வயல்களில் மாலையில் அடித்தாளுக்கு வைக்கும் தீ, அடுத்த பார்வைக்குள் அணைந்துவிடலாம். புவியோடு ஒத்துச் சுழலும் இன்சாட்-3டிஆர் அரைமணிக்கு ஒருமுறை பார்த்தாலும், 36,000 கி.மீ. தொலைவிலிருந்து அதன் அகச்சிவப்புப் படத்தின் ஒரு கட்டம் பல கிலோமீட்டர் அகலமுடையது. சிறு தீ அதற்குள் கரைந்துபோகும். சால்ட் லேக்குக்கு அருகிலுள்ள தாபா குப்பைமேட்டின் உள்ளே சுடரின்றிக் கனலும் நெருப்பும், தெருவோர நிலக்கரி அடுப்பும் எந்தக் கட்டத்திலும் தீப்புள்ளியாக எழாமல் போகக்கூடும். புள்ளி இல்லை என்பதால் தீ இல்லை என்று ஆகாது. ஆயினும் பொது விவாதத்தில் இவ்விரண்டும் ஒன்றாகவே கொள்ளப்படுகின்றன என்பது கவலைக்குரியது.

இதன் விளைவாக, படத்தில் தெரியும் தொலைவான தீயே குற்றவாளியாகிறது. வடமேற்குக் காற்று கங்கைச் சமவெளியின் மாசைக் கொல்கத்தாவுக்குக் கொணர்வது உண்மைதான். ஆனால் எவ்வளவு என்பதைப் படம் சொல்லாது. காற்று வந்த வழியைப் பின்னோக்கிக் கணிக்கும் மாதிரியும், உயரவாரியாகத் துகளைக் காட்டும் லேசர்க் கருவியும், வடிதாளில் படிந்த துகளின் வேதியியலும் அதனோடு சேர வேண்டும். விறகும் வைக்கோலும் எரிகையில் செல்லுலோசிலிருந்து பிறக்கும் லெவோகுளுக்கோசான் என்னும் சேர்மம் டீசல் புகையில் உருவாவதில்லை. அதன் அளவை மணிவாரியாக அறிந்தால், விதான்நகர் அளவி நள்ளிரவில் காட்டும் ஏற்றத்துக்குப் பர்தமானின் வயலைச் சுட்டுவதா, பக்கத்துத் தெருவின் சரக்கு வண்டியைச் சுட்டுவதா என்று கேட்கவாவது முடியும்.