மைசூர் மண்ணில் விழுந்த கோடுகள்

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியிடம் மைசூருக்கு நம்பகமான வரைபடம் இல்லை. அடுத்த ஆண்டே காலின் மெக்கன்சி மைசூர் நிலஅளவையைத் தொடங்கினார். ஊர், ஏரி, கோட்டை, சாலை என விவரம் திரட்டியது அவர் குழு. அவற்றைப் பூமியுருண்டையில் உரிய இடத்தில் பொருத்தும் வேலை வில்லியம் லாம்ப்டனுடையது. இருவரும் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் இருந்தவர்கள்தாம்.

அட்சரேகையை நட்சத்திரங்களைப் பார்த்தே கணித்துவிடலாம். தீர்க்கரேகைதான் தொல்லை, இரண்டு ஊர்களின் நேர வித்தியாசம் துல்லியமாகத் தெரிய வேண்டும். லாம்ப்டன் வேறு வழி பிடித்தார். ஒரே ஓர் அடிக்கோட்டைத் தரையில் அளந்து, மற்றத் தொலைவுகளை முக்கோணங்களால் கணக்கிட்டு, அவற்றிலிருந்து தீர்க்கரேகையைப் பெற்றார்.

அந்த அடிக்கோடு 1802இல் பரங்கிமலை அருகே அளக்கப்பட்டது. 100 அடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயிலில் அது நீளும் அளவைக் கழிக்க வெப்பமானிகளும் வைத்தார்கள். ஏழரை மைலுக்கு 57 நாள் ஆயிற்று. முக்கோணங்கள் மைசூர் நாட்டை எட்டியதும், 1804இல் பெங்களூர் அருகே இன்னொரு அடிக்கோட்டை அளந்து சரிபார்த்தார்கள். கணக்குக்கும் அளவைக்கும் வித்தியாசம் நான்கு அங்குலம்கூட இல்லை. அசாத்தியமான துல்லியம்!

முக்கோணங்கள் மங்களூர்க் கடற்கரையைத் தொட்டபோது பழைய வரைபடங்களின் குட்டு உடைந்தது. 400 மைல் என்று நம்பப்பட்ட சென்னை-மங்களூர் அகலம் ஏறத்தாழ 360 மைல்தான்.

இன்றைய வரைபடங்களில் மைசூரு நகரம் வடக்கு அட்சரேகை 12 பாகை 18 கலை, கிழக்குத் தீர்க்கரேகை 76 பாகை 39 கலையை ஒட்டி அமைந்துள்ளது.