ரோரி பெக் அறக்கட்டளை

ரோரி பெக் அறக்கட்டளை லண்டனிலிருந்து இயங்கும் தொண்டு நிறுவனம். எந்த ஊடக நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் இல்லாத ஃப்ரீலான்ஸ் செய்தியாளர்கள், ஒளிப்பதிவாளர்கள் ஆபத்தில் சிக்கும்போது அவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் உதவுகிறது. 1995இல் தொடங்கப்பட்டது.

பத்திரிகையாளர் நலனுக்காக நிதி திரட்டும் வழக்கம் பிரிட்டனுக்குப் புதிதல்ல. நோயுற்ற பத்திரிகையாளர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் கைகொடுக்க 1864இலேயே லண்டனில் ஒரு நிதி தொடங்கப்பட்டு, அதற்காக சார்லஸ் டிக்கன்ஸ் மேடையேறிப் பேசியதும் உண்டு. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் போர்க்களச் செய்தியின் பெரும்பங்கைச் சுமந்தவர்கள் தனியாட்கள். எடுத்துத் தரும் படத்துக்குத்தான் அவர்களுக்குப் பணம். குண்டடி பட்டால் மருத்துவச் செலவு, இறந்தால் இழப்பீடு என்று உரிமையோடு கேட்க அவர்களுக்கு முதலாளி இல்லை.

ரோரி பெக் (பிறப்பு 1956) அத்தகைய ஒளிப்பதிவாளர். ஆப்கானிஸ்தான் போரைப் படம்பிடித்துப் பெயர் பெற்றவர். பீட்டர் ஜுவனல், வான் ஸ்மித், நிக்கலஸ் டெல்லா காசா ஆகியோருடன் 1989இல் ‘ஃபிரண்ட்லைன்’ என்ற செய்திப்படக் கூட்டுறவை அமைத்தார். இரண்டே ஆண்டுகளில் டெல்லா காசா வட ஈராக்கில் கொல்லப்பட்டார். 1993 அக்டோபர் 3 அன்று, ரஷ்ய அதிபர் யெல்ட்சினுக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையிலான மோதல் முற்றி, நாடாளுமன்ற ஆதரவாளர்கள் மாஸ்கோவின் ஒஸ்டான்கினோ தொலைக்காட்சி நிலையத்தைத் தாக்கினர். அங்கு வெடித்த துப்பாக்கிச் சூட்டில், ஜெர்மனியின் ஏஆர்டி தொலைக்காட்சிக்காகப் படமெடுத்துக்கொண்டிருந்த பெக் உயிரிழந்தார். வயது 36.

அவருடைய மனைவி ஜூலியட்டுக்கு இது இரண்டாவது இழப்பு. முதல் கணவரான பிரெஞ்சுப் புகைப்படக்காரர் டொமினிக் வெர்கோஸ் 1988இல் பெஷாவரில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். தன் கதி மற்றக் குடும்பங்களுக்கும் நேரும் என்பதை ஜூலியட் அறிந்திருந்தார். நண்பரும் ஒளிப்பதிவாளருமான ஜான் கன்ஸ்டனுடன் சேர்ந்து அவர் நிறுவியதே இவ்வறக்கட்டளை. 2007இல் ஜூலியட் புற்றுநோயால் காலமானார்.

உதவி நேரடிப் பணமாகவே போய்ச் சேருகிறது. விண்ணப்பித்தவர் உண்மையில் இத்தொழிலில் இருப்பவர்தானா, அவருக்கு நேர்ந்தது என்ன என்பதை உறுதிசெய்த பிறகு தொகை வழங்கப்படும். சிகிச்சைக் கட்டணம், தலைமறைவாகத் தங்கும் வீட்டின் வாடகை, எல்லை தாண்டிப் போகும் செலவு, பறிகொடுத்த கேமராவுக்கு மாற்று, கொல்லப்பட்டவரின் வீட்டாருக்கு அன்றாடச் செலவு எனத் தேவைகள் பலவகை. இவற்றில் பலவும் நாள் கடந்தால் பயனற்றுப் போகும் என்பதால் விரைந்து முடிவெடுப்பதே இப்பணியின் உயிர்நாடி. பின்னாளில் போர்முனைப் பாதுகாப்புப் பயிற்சிக்கும், மனக்காயங்களுக்கான சிகிச்சைக்கும் நிதி ஒதுக்கப்பட்டது. இவ்வறக்கட்டளை ஆண்டுதோறும் வழங்கும் ரோரி பெக் விருதுகளில் ஒன்று, 2006இல் மொகதிஷுவில் கொல்லப்பட்ட சுவீடன் செய்தியாளர் மார்ட்டின் ஆட்லரின் பெயர் தாங்கியது.

ஃப்ரீலான்சர்களுக்குப் பொறுப்பேற்க முதலாளி இல்லை என்ற குறையை நன்கொடையால் மட்டும் அடைக்க முடியாது. வேலை வாங்குபவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. 2014இல் ஜேம்ஸ் ஃபோலி, ஸ்டீவன் சாட்லாஃப் என்ற இரு அமெரிக்க ஃப்ரீலான்சர்கள் சிரியாவில் கொல்லப்பட்ட பின்னரே பெரிய ஊடகங்கள் இப்பொறுப்பைப் பொதுவில் ஒப்புக்கொண்டன. 2015இல் இவ்வறக்கட்டளையும் பங்கேற்று உருவான பாதுகாப்புக் கொள்கைகள், ஃப்ரீலான்சர் காயமுற்றாலோ கடத்தப்பட்டாலோ நிரந்தர ஊழியருக்குக் காட்டும் அதே அக்கறையை அவருக்கும் காட்ட வேண்டும் என்கின்றன. செய்த வேலைக்குத் தாமதமின்றிப் பணம் தரவும் கோருகின்றன. கையெழுத்திட்ட நிறுவனங்களை அவை சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை.